படகு எஞ்சின் ஏன் கிளம்பவில்லை?

சாலையில் ஒரு லாரி நின்றுவிட்டால், ஓட்டுநர் கீழே இறங்கிச் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு நிழலில் உட்கார்ந்து யோசிக்கலாம். லாரி நின்ற இடத்திலேயே நிற்கும். கடலில் எஞ்சின் நின்ற படகு அப்படி நிற்பதில்லை. காற்று அதை ஒரு பக்கம் தள்ளுகிறது. நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கிறது. நாம் எஞ்சினோடு போராடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் படகு எங்கோ போய்க்கொண்டே இருக்கிறது.

எவ்வளவு தூரம் போகும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 2 கிலோமீட்டர் என்பது சாதாரணமாக நடக்கும் மனிதனின் வேகத்தில் பாதிதான். அந்த வேகத்தில் ஒரு படகு கரையை விட்டு விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். படகில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அவருக்குத் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். ஆகவே இரண்டரை மணி நேரத்தில் கரையின் மணற்பரப்பு அவர் பார்வையிலிருந்து மறைந்துவிடும். 15 மீட்டர் உயரமுள்ள பனைமரங்களின் தலைகள் மட்டும், வானம் தெளிவாக இருந்தால், சுமார் 19 கிலோமீட்டர் வரை தெரியும். அதற்கப்பால் நாற்புறமும் நீர்தான்.

பாக் நீரிணையில் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையாலும், மன்னார் வளைகுடாவில் 1976ஆம் ஆண்டு உடன்படிக்கையாலும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடல் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் நின்ற படகுக்கு அந்தக் கோடு தெரியாது. எனவே, 'எஞ்சின் கிளம்பவில்லை' என்பது கரையிலிருப்பவருக்கு ஓர் எரிச்சல். கடலிலிருப்பவருக்கு அதுவே உயிர்ப் பிரச்சினை.

இந்த நிலையில் நம்மில் பலர் செய்வது ஒன்றே. கயிற்றை மீண்டும் மீண்டும் இழுக்கிறோம். சாவியை மீண்டும் மீண்டும் திருகுகிறோம். ஆனால், ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு விலை உண்டு. பாட்டரியின் மின்சாரம் குறைகிறது. எஞ்சினுக்குள் எரியாத பெட்ரோல் சேர்கிறது. இழுப்பவரின் தோள் சோர்கிறது. எஞ்சின் கிளம்ப மறுப்பது அதன் பிடிவாதம் அன்று. அது நமக்குத் தரும் ஒரு விடை. அந்த விடைக்குப் பொருள் தெரிந்தால், அடுத்து எதைப் பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் நங்கூரம்

எஞ்சினைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஆழம் குறைவான இடமாக இருந்தால் நங்கூரத்தை இறக்கிவிட வேண்டும். கயிற்றை ஆழத்தின் அளவுக்கு மட்டும் விட்டால் போதாது. ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது விட வேண்டும். கயிறு செங்குத்தாக இருந்தால் படகு மேலெழும்போதெல்லாம் நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். சாய்ந்து நீண்டு கிடந்தால் இழுவிசை பெரும்பாலும் கிடைத்திசையில் அமையும். நங்கூரத்தின் கொழு தரையில் இன்னும் ஆழமாகப் பதியும்.

நங்கூரம் எட்டாத ஆழம் என்றால், ஒரு வாளியையோ, பாய்த்துணியையோ கயிற்றில் கட்டிப் படகின் முன்முனையிலிருந்து நீரில் விடலாம். நீரின் தடையால் படகு நகர்வது மெதுவாகும். படகின் முகமும் அலையை நோக்கித் திரும்பும். பக்கவாட்டில் அலை வாங்கும் படகே எளிதில் கவிழும் என்பதால், இந்த இரண்டாவது பயன் முதலாவதைவிட முக்கியமானது. உயிர்காப்பு உடையை அணிந்துகொள்ள வேண்டிய நேரமும் இதுவே. படகு கட்டுக்குள் வந்தபின் நிதானமாக எஞ்சினைப் பார்க்கலாம்.

எஞ்சினுக்கு வேண்டியவை நான்கு

எந்த உள்ளெரி எஞ்சினாக இருந்தாலும் அது கிளம்ப நான்கு வேண்டும். காற்று வேண்டும். சரியான அளவில் எரிபொருள் வேண்டும். அந்தக் கலவையைப் பற்றவைக்கும் வெப்பம் உரிய கணத்தில் வேண்டும். இவை மூன்றும் ஒன்றுசேர, எஞ்சினை முதலில் போதிய வேகத்தில் சுற்றிவிடும் விசை வேண்டும். நான்கும் இருந்தால் எஞ்சின் ஓடியே தீரும். ஓடவில்லை என்றால் நான்கில் ஒன்று இல்லை. தேட வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

நம் கடற்கரையில் காணும் படகு எஞ்சின்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, படகின் பின்புறத்தில் மாட்டித் தொங்கவிடும் புற எஞ்சின். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலி எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பொறியின் வழிவந்தது இது. இதில் மின்பொறி கலவையைப் பற்றவைக்கிறது. மற்றது டீசல் எஞ்சின். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது. இதில் மின்பொறி கிடையாது; அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே தீக்குச்சி. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரைகளில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் பிடித்துக்கொண்ட பைபர் படகுகளில் இந்த இருவகை எஞ்சின்களையும் காணலாம். பெரிய விசைப்படகுகளில் இருப்பது டீசல் எஞ்சினே.

கருவியைத் தொடுமுன்

நூலிழையும் கண்ணுமே போதுமான குறைகள் சில உண்டு. ஸ்பானரை எடுப்பதற்கு முன் இவற்றைப் பார்த்துவிட வேண்டும். எரிபொருள் இருக்கிறதா? குழாயின் அடைப்பான் திறந்திருக்கிறதா? புற எஞ்சினில், ஓட்டுபவர் கடலில் விழுந்தால் எஞ்சின் தானே நிற்பதற்காக மணிக்கட்டில் மாட்டும் கயிறு ஒன்று உண்டு. அதன் கொக்கி தன் இடத்தில் இல்லாவிட்டால் பொறியே வராது. கியர் நடுநிலையில் இல்லாவிட்டால் பல எஞ்சின்கள் கிளம்ப மறுக்கும். அவை அவ்வாறே அமைக்கப்பட்டவை. டீசல் எஞ்சினில், முந்தின முறை எஞ்சினை நிறுத்த இழுத்த நெம்பு திரும்ப உள்ளே போகாமல் நின்றிருக்கலாம். சுழல் விசிறியில் வலைத்துண்டோ கயிறோ சுற்றியிருக்கலாம்.

டாங்கியின் மூடியில் உள்ள சிறிய காற்றுத் திருகு தனியே சொல்லத் தக்கது. எரிபொருள் வெளியேற வெளியேற அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். திருகு மூடியிருந்தால் டாங்கியின் உள்ளே அழுத்தம் குறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தத்தை எதிர்த்து எரிபொருளை இழுக்க முடியாமல் பம்பு தோற்றுவிடும். எஞ்சின் நன்றாகக் கிளம்பிச் சில நிமிடங்கள் ஓடி, பிறகு தானே நின்று, சற்று நேரம் கழித்து மீண்டும் கிளம்பினால், முதலில் பார்க்க வேண்டியது இந்தத் திருகைத்தான். எண்ணெய் டின்னில் இரண்டு துளை போடுவதன் காரணமும் இதுவே.

புற எஞ்சினின் எரிபொருள் குழாயில் கையால் அமுக்கும் ரப்பர்க் குமிழ் ஒன்று இருக்கும். அது ஒரு நல்ல சாட்சி. அமுக்க அமுக்கக் கல்லைப்போல் கெட்டியானால், எரிபொருள் எஞ்சின் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. எத்தனை முறை அமுக்கினாலும் கெட்டிப்படாவிட்டால், எங்கோ காற்றுப் புகுகிறது, அல்லது டாங்கி காலி. அமுக்கிய குமிழ் மீண்டும் உப்பாமல் சப்பையாகவே ஒட்டிக்கொண்டால், குமிழுக்கும் டாங்கிக்கும் இடையில் அடைப்பு. கருவி ஏதுமின்றிக் குழாயின் எந்தப் பாதியில் குறை என்பது தெரிந்துவிடுகிறது.

பெட்ரோலும் மண்ணெண்ணெயும்

கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களைப் பார்க்கலாம். ஏன் இந்த இரட்டை வாழ்க்கை? மண்ணெண்ணெயிலேயே கிளப்பிவிட்டால் என்ன?

திரவம் எரிவதில்லை; அதன் ஆவியே எரிகிறது. பெட்ரோல் கடுங்குளிரிலும், ஏறத்தாழ சுழிக்குக் கீழ் 40 டிகிரி செல்சியசிலும், தீப்பற்றப் போதுமான ஆவியைத் தருகிறது. மண்ணெண்ணெய் அந்த அளவு ஆவியைத் தர 35 முதல் 40 டிகிரி வரையாவது சூடாக வேண்டும். காலைக் கடலில் காற்று 27 டிகிரி என்றால், குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் வெறும் ஈரமாகப் படியுமே தவிர ஆவியாகாது. எவ்வளவு நல்ல பொறி விழுந்தாலும் ஈரத்தில் விழுந்த பொறிதான். எஞ்சின் சூடான பிறகு நிலைமை வேறு. அப்போது மண்ணெண்ணெயும் ஆவியாகும், மாற்றிக்கொள்ளலாம்.

இதிலிருந்து ஒரு விதி தானே பிறக்கிறது. எஞ்சினை நிறுத்துவதற்குச் சற்று முன்பே மீண்டும் பெட்ரோலுக்கு மாறிவிட வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும்போதே நிறுத்தினால், எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். வலை இழுத்து முடிப்பதற்குள் எஞ்சின் ஆறிவிடும். பிறகு பெட்ரோல் குழாயைத் திறந்து என்ன பயன்? முதலில் உள்ளே போவது கிண்ணத்தில் நிற்கும் மண்ணெண்ணெய்தான். கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி அதை வடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பெட்ரோல் குறைந்தால் மட்டுமல்ல, மிகுந்தாலும் எஞ்சின் கிளம்பாது. காற்றில் பெட்ரோல் ஆவி கனஅளவில் சுமார் 1.4 விழுக்காட்டுக்கும் 7.6 விழுக்காட்டுக்கும் இடையில் இருந்தால்தான் தீப்பிடிக்கும். அதற்குக் குறைந்தாலும் எரியாது, மிஞ்சினாலும் எரியாது. சோக்கை மூடியபடி இருபது முறை கயிற்றை இழுப்பவர், அறியாமல் இந்த மேல் எல்லையைத் தாண்டிவிடுகிறார். பிறகு அவர் இழுக்க இழுக்கக் குறை கூடுமே தவிரக் குறையாது.

பிளக் சொல்லும் சாட்சி

மின்பொறியை உண்டாக்கும் செருகியைப் பிளக் என்கிறோம். எஞ்சினின் உள்ளே நடப்பதை வெளியே வந்து சொல்லும் சாட்சி அது. சில முறை இழுத்தபின் அதைக் கழற்றி முனையைப் பாருங்கள். முனை உலர்ந்திருந்தால் எரிபொருள் உள்ளே வரவில்லை. டாங்கியிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள வழியைத் தேட வேண்டும். ஈரமாக இருந்தால் எரிபொருள் வந்திருக்கிறது, பற்றவில்லை. ஒன்று, பொறி இல்லை. அல்லது எரிபொருள் மிகுந்துவிட்டது. முனையில் நீர்த்துளி தெரிந்தால் எரிபொருளோடு நீர் கலந்திருக்கிறது. கரி அப்பியிருந்தால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரியின் வழியே ஓடிவிடுகிறது.

பொறி வருகிறதா என்று பார்க்கப் பிளக்கை அதன் கம்பியோடு இணைத்து, அதன் உலோக உடலை எஞ்சினின் உலோகத்தில் அழுந்தப் பதித்துக் கயிற்றை இழுப்பது வழக்கம். பிளக்கைக் கையால் பிடிக்கக் கூடாது. காப்பிட்ட குறட்டால் பிடிக்க வேண்டும். பிளக் துளையின் அருகிலும் கூடாது. அத்துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறியே போதும். சிந்திய பெட்ரோலை முதலில் துடைத்துவிட்டு, ஆவி காற்றில் கலைந்து போகவும் நேரம் விட வேண்டும்.

இங்கே ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. வெளியே பொறி நன்றாகத் தெரிகிறது. ஆயினும் எஞ்சின் கிளம்பவில்லை. ஏன்? ஒரு வாயுவின் வழியே மின்பொறி பாய வேண்டிய மின்னழுத்தம், இடைவெளியை மட்டுமன்றி வாயுவின் அழுத்தத்தையும் பொறுத்தது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் பாஷென் 1889இல் கண்டறிந்தார். திறந்தவெளியில் சில ஆயிரம் வோல்ட்டில் தாண்டும் அதே இடைவெளியை, அழுத்தப்பட்ட காற்று நிறைந்த சிலிண்டருக்குள் தாண்டப் பல மடங்கு வோல்ட் வேண்டும். நலிந்த காயில் வெளியே பொறி காட்டும், உள்ளே தோற்றுவிடும். நீலமாகச் சடசடவென்று வெடிக்கும் பொறியை நம்பலாம். மங்கிய செம்மஞ்சள் பொறியை நம்ப முடியாது. புதிய பிளக் ஒன்றை எப்போதும் படகில் வைத்திருப்பதன் பயன் இங்கே விளங்கும். அதை மாட்டிப் பார்ப்பதே விரைவான சோதனை.

எரிபொருள் மிகுந்து நனைந்த எஞ்சினாக இருந்தால், பிளக்கைக் கழற்றி உலர்த்தி, எரிபொருளை அடைத்து, சோக்கையும் த்ராட்டிலையும் முழுதும் திறந்து, மணிக்கட்டுக் கயிற்றின் கொக்கியை எடுத்துப் பொறி வராமல் செய்து, சில முறை இழுத்தால் உள்ளே தேங்கியது காற்றோடு வெளியேறிவிடும்.

டீசல்: காற்றே தீக்குச்சி

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பார்கள். காற்றை விரைந்து அழுத்தினால் நாம் செய்த வேலை அதன் வெப்பமாக மாறுகிறது. தென்கிழக்கு ஆசிய மக்கள் நெடுங்காலமாகவே மூங்கில் அல்லது கொம்பால் ஆன சிறு குழாயில் தண்டை ஓங்கி அடித்து, உள்ளே வைத்த பஞ்சைக் கனலச் செய்து நெருப்பு உண்டாக்கி வந்தார்கள். டீசல் எஞ்சினும் அந்தக் குழாயும் ஒரே விதியில் இயங்குகின்றன.

கணக்கையும் பார்ப்போம். 30 டிகிரி வெப்பமுள்ள காற்று, அதாவது 303 கெல்வின், பதினேழில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. கசிவே இல்லை, வெப்ப இழப்பே இல்லை என்றால், அதன் கெல்வின் வெப்பநிலை சுமார் 3.1 மடங்காகி 940ஐ எட்டும். செல்சியசில் இது ஏறக்குறைய 670 டிகிரி. டீசல் மெதுவான சோதனைகளில் 250 டிகிரிக்கு அருகில் தானே பற்றிக்கொள்ளும். ஆனால், எஞ்சினுக்குள் அதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கே என்பதால், இதைவிட மிகுந்த வெப்பம் வேண்டும்.

இப்போது எஞ்சினை மெதுவாகச் சுற்றுவதாக எண்ணுங்கள். அழுத்தப்படும் காற்று குளிர்ந்த சுவருக்குத் தன் வெப்பத்தைக் கொடுக்க நேரம் கிடைக்கிறது. பிஸ்டன் வளையங்களைக் கடந்து கசியவும் நேரம் கிடைக்கிறது. அதே சுருக்கத்தில் 340 டிகிரி அளவுக்கே ஏறினாலும் வியப்பில்லை. எனவே, டீசல் எஞ்சினில் சுற்றும் வேகமும் தீக்குச்சியின் ஒரு பகுதியே. பாட்டரி நலிந்ததால் எஞ்சின் மெதுவாகச் சுற்றினால், எரிபொருள் சரியாக இருந்தும் அது கிளம்பாமல் போகலாம்.

கையால் சுற்றும் டீசல் எஞ்சின்களில் அழுத்தத்தைத் தளர்த்தும் நெம்பு ஒன்று இருப்பது இதற்காகத்தான். அதைத் தூக்கிவிட்டுச் சுற்றினால் வால்வு திறந்தே இருக்கும், எதிர்ப்பு இராது. கனத்த பாரச்சக்கரம் வேகம் பெற்று இயக்க ஆற்றலைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு நெம்பை விட்டால், சேர்த்த ஆற்றல் அழுத்தும் வேலையைச் செய்து முடிக்கும். கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால், சுற்றி வளைத்துப் பிடித்த கட்டைவிரல் முறிந்துபோகும்.

டீசல் எஞ்சினில் பிளக் இல்லை. ஆனால், புகை என்னும் சாட்சி உண்டு. சுற்றும்போது வெளியேற்று குழாயில் வெண்புகை வந்தால், டீசல் உள்ளே தெளிக்கப்பட்டு ஆவியாகி, எரியாமல் வெளியேறுகிறது. குறை வெப்பத்தில்தான், சுற்றும் வேகத்தையும் அழுத்தத்தையும் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. எரிபொருளின் வழியைப் பாருங்கள்.

காற்றுப் பூட்டு

எரிபொருளின் வழியில் நேரும் குறைகளில் மிகவும் பேர்பெற்றது காற்றுப் பிடித்துக்கொள்வது. டாங்கி ஒரு முறை முழுதும் காலியானாலோ, குழாய் இணைப்பு ஒன்று தளர்ந்தாலோ போதும். பிறகு டாங்கியை நிரப்பினாலும் எஞ்சின் கிளம்பாது.

டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் பீச்சுகுழலை மெக்கானிக்குகள் நாசில் என்பார்கள். அதன் ஊசி திறக்க, சாதாரணமாக 150 முதல் 200 வளிமண்டல அழுத்தம் வேண்டும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. ஆகவே பம்பின் தண்டு சிறிது நகர்ந்தாலே அழுத்தம் அந்த அளவுக்கு ஏறிவிடும். காற்று அப்படியன்று. அது 200 வளிமண்டல அழுத்தத்தை எட்ட வேண்டுமானால், பாயில் விதிப்படி ஏறக்குறைய 200இல் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். பம்பின் சிறிய தண்டால் அது இயலாது. தண்டு முன்னே போகும்போது காற்று வில்லைப்போல் சுருங்குகிறது. பின்னே வரும்போது வில்லைப்போல் விரிகிறது. ஒரு சொட்டு டீசலும் நகர்வதில்லை. கட்டைவிரல் நகம் அளவு காற்று ஒரு பெரிய படகையே நிறுத்திவிடுகிறது.

பரிகாரம் எளிது, வரிசை முக்கியம். டாங்கியின் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை இயக்கினால் முதலில் நுரை வரும்; பிறகு குமிழில்லாத டீசல் வரும். திருகை இறுக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். பம்பிலும் அப்படியே. கடைசியாக நாசிலுக்குப் போகும் குழாயின் மரையை ஒரு சுற்றுத் தளர்த்தி எஞ்சினைச் சுற்றினால் அங்கும் காற்று வெளியேறும். ஓர் எச்சரிக்கை: அழுத்தத்தோடு பீறிடும் டீசலின் முன் கையை நீட்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம்.

காற்றுக்கு அடுத்த பகை நீர். டீசலின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் சுமார் 0.83 பங்கு. ஆகவே நீர் அடியில் தங்கும். கரையில் படகு அசையாமல் நிற்கும்போது அது அடியிலேயே கிடக்கும், யாருக்கும் தெரியாது. அலையில் ஆடத் தொடங்கியதும் கலங்கிக் குழாய்க்குள் வந்துவிடும். கரையில் நன்றாக ஓடிய எஞ்சின் கடலில் நிற்பதற்கு இது ஒரு காரணம். வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சில நிமிடம் வைத்தால், நீர் இருந்தால் கீழே தனி அடுக்காகத் தெரியும்.

உப்பும் ஓம் விதியும்

சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஓர் ஓசை, பிறகு அமைதி. 'பாட்டரி போய்விட்டது' என்பது நம் முதல் தீர்ப்பு. அது சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம்.

ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் மின்னோட்டம் கேட்கிறது என்று கொள்வோம். பாட்டரியின் முனையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்து, அங்கே ஓர் ஓமில் நூறில் இரண்டு பங்கு தடை ஏற்பட்டிருக்கிறது. வீட்டு விளக்குக்கு இந்தத் தடை பொருட்டே அன்று. ஆனால், 200 ஆம்பியர் அதன் வழியே ஓட வேண்டுமானால், 200 × 0.02 = 4 வோல்ட் அங்கேயே செலவாகும். 12 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு மோட்டாரை அடையாமலே தொலைகிறது. தொலையும் திறன் 800 வாட். ஒரு சிறு மின்னடுப்பின் அளவு. அதனால்தான் குறையுள்ள இணைப்பு சுடுகிறது. முயற்சி செய்த உடனே புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால் எந்த இணைப்பு குற்றவாளி என்பது தெரியும்.

விளக்கும் ஒரு சாட்சி. படகின் விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருகுங்கள். விளக்கு சற்றும் மங்காவிட்டால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை. மெல்ல மங்கிச் செம்மையானால் பெரும்பாலும் பாட்டரி நலிந்திருக்கிறது. பளிச்சென்று எரிந்த விளக்கு சட்டென அணைந்து, சாவியை விட்டதும் மீண்டும் எரிந்தால், தலைமை இணைப்பில் தளர்ச்சி. இணைப்பைக் கழற்றிச் சுரண்டி உலோகம் பளபளக்கச் செய்து இறுக்கிவிட்டால் பல நேரங்களில் 'செத்த' பாட்டரி உயிர் பெற்றுவிடும். மின்னேற்றம் நடக்கும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிப்படும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

அலை அடித்து எஞ்சின் நனைந்தால் இன்னொரு தொல்லை. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். கடல்நீர் அதைவிட ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு நன்றாகக் கடத்தும். பிளக் கம்பியின் மேல் படிந்த மெல்லிய உப்பு ஈரமே உயர் மின்னழுத்தத்துக்குக் குறுக்குவழி ஆகிவிடும். நன்னீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, பிறகு உலர்த்த வேண்டும். உலர்த்தினால் மட்டும் போதாது. உப்பு தங்கிவிட்டால் ஈரக்காற்று பட்டவுடன் மீண்டும் கசியும்.

எஞ்சின் சுற்றவே மறுத்து, இரும்புச் சுவரில் மோதியதுபோல் நின்றால் வலுக்கட்டாயம் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கலாம். நீர் சுருங்காது; ஆகவே பிஸ்டனின் தண்டு வளையும். பிளக்கையோ நாசிலையோ கழற்றி, நீரை வெளியேற்றிய பிறகே சுற்ற வேண்டும்.

தேடும் முறை

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா என்று சிலர் கேட்கலாம். நினைவில் வைக்க வேண்டியது பட்டியலை அன்று, முறையை.

முதலாவது, பாதியாக வெட்டித் தேடுதல். டாங்கியிலிருந்து நாசில் வரை எட்டு இடங்களில் குறை இருக்கக்கூடும் என்றால், ஒன்று முதல் எட்டு வரை வரிசையாகப் பார்க்க வேண்டியதில்லை. நடுவில் உள்ள இணைப்பைத் திறந்து பாருங்கள். அங்கே டீசல் வந்தால் முதல் நான்கும் குற்றமற்றவை. மீதி நான்கில் மீண்டும் பாதி. மூன்றே கேள்விகளில் குற்றவாளி சிக்கிவிடும். பிளக்கின் ஈரமும், புகையின் நிறமும், விளக்கின் மங்கலும் இவ்வாறு பாதியை விலக்கும் கேள்விகளே.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். பதற்றத்தில் பிளக்கை மாற்றி, கார்புரேட்டரைத் திருகி, குழாயையும் பிடுங்கிச் செருகினால், எஞ்சின் கிளம்பினாலும் எதனால் கிளம்பியது என்று தெரியாது. கிளம்பாவிட்டால், பழைய குறையோடு நாம் உண்டாக்கிய புதுக் குறையும் சேர்ந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறோமே, அதே ஒழுங்குதான் இது.

மூன்றாவது, முயற்சிகளை எண்ணிச் செய்தல். ஸ்டார்ட்டரை ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் ஓட்டாமல், இடையில் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். பாட்டரியின் கடைசி மின்சாரத்தை எஞ்சினுக்கே கொடுத்துவிடவும் கூடாது. விளக்குக்கும் வானொலிக் கருவிக்கும் அதுதான் உயிர். அபாய அழைப்புக்கான வி.எச்.எப். வானொலியின் 16ஆம் அலைவரிசையும், தொலைபேசி எட்டும் தூரமாயின் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணும் படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உதவி கேட்பதை எல்லாம் முயன்று தோற்ற பிறகுதான் என்று தள்ளிப்போடக் கூடாது. கரை கண்ணுக்குத் தெரியும்போதே கேட்கும் உதவி விரைவில் வந்து சேரும்.

இந்தத் தத்துவங்களில் சிலவற்றை மாணவர்கள் கடலுக்குப் போகாமலே சோதித்துப் பார்க்கலாம். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து வேகமாகப் பத்து முறை அழுத்தி, அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். பிறகு அதையே மிக மெதுவாகச் செய்து பாருங்கள். ஒரு புட்டியில் நீரும் சமையல் எண்ணெயும் ஊற்றிக் குலுக்கி, கலங்கல் தெளிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊசி நீக்கிய மருந்தூசிக் குழாயில் ஒரு முறை நீரையும், ஒரு முறை காற்றையும் நிரப்பி, நுனியை அடைத்து அழுத்துங்கள். காற்றுப் பூட்டு என்றால் என்ன என்பதைக் கட்டைவிரலே உங்களுக்குச் சொல்லிவிடும்.

கடலுக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டியது இதைவிடக் கொஞ்சம்தான். முந்தின மாலையே வடிகட்டியின் அடிநீரை வடித்துவிடுதல், பாட்டரி முனைகளைச் சுரண்டி இறுக்குதல், எஞ்சினை நன்னீரால் துடைத்தல், மாற்றுப் பிளக்கையும் வடிகட்டியையும் இரண்டு ஸ்பானர்களையும் ஈரம் படாமல் கட்டி வைத்தல். கரையில் இதற்குக் கால் மணி நேரம் ஆகும். கடலில் அதே வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் காற்றும் நீரோட்டமும்தான் முடிவு செய்யும்.